இழுத்தால் நிற்க வேண்டும்

என் பூக் கொட்டகைக்கு வருகிற எவரும், வாசலுக்கு நேரே உள்ள அறைக்கு முன்னால் கிடக்கும் அந்த மிசினைப் பார்க்காமல் போக முடியாது. தேயிலைக் கொழுந்து வெட்டும் மிசின். வளைந்த நீளமான பிளேடு, ஒரு முனையில் என்ஜின், மறுமுனையில் வெறும் கைப்பிடி. தோட்டத்தில் கழித்துப் போட்டதைத் துரையிடம் நேரில் போய்க் கேட்டு வாங்கி வந்தேன். மற்ற பூ முதலாளிகள், தவ்க்கேமார், வாசலில் மீன்தொட்டி வைக்கிறார்கள், நான் மிசினை வைத்தேன். எங்கிருந்து வந்தவன் என்று என்னை யாரும் கேட்க வேண்டியதில்லை. அதைப் பார்த்தால் தெரிந்துவிடும். தமிழ்ப்பள்ளியில் நான்காம் வகுப்போடு எழுந்து வந்தவன் நான். இன்றைக்குக் கேமரன்மலையில் கம்போங் ராஜா ஊரில் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே செவ்வந்தி எப்படி வளர்க்க வேண்டும் என்று படித்தவர்கள் என்னிடம் வந்து கேட்டுப் போகிறார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகச் சொன்னாலும் தப்பில்லை.

அந்த மிசினை ஒருவனால் தூக்க முடியாது. இரண்டு பேர் வேண்டும். தேயிலை வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன். நடுவில் பிளேடு செடிகளின் தலைமேல் மேய்ந்துகொண்டு போகும், பின்னால் பை காற்றடைத்துப் பாம்பு போல இழுபட்டு வரும். என்ஜின் பக்கம் எப்போதும் நான். மறுபக்கம் என் மச்சான், என் மனைவியின் தம்பி. எனக்கும் அவனுக்கும் ஒரே வயது என்பதால் நான் அவனை மச்சான் என்பேன், அவனும் என்னை மச்சான் என்பான். என்ஜின் பிடிப்பவனுக்குக் கண் பிளேடை விட்டு நகரக் கூடாது. கொஞ்சம் இறங்கினால் மரத்தைக் கடித்துவிடும், கொஞ்சம் ஏறினால் கொழுந்து தப்பிவிடும். ஆகவே முன்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பது மறுபக்கத்தானின் வேலை. முன்னால் இருப்பது பெரும்பாலும் தேயிலைதான். ஆனால் சில நாள் செடிக்குள் குளவிக் கூடு இருக்கும்.

மச்சானுக்கு முன்னால் எனக்கு வேறொருவன் ஜோடியாக இருந்தான். அவன் கூட்டைப் பார்த்தான், கைப்பிடியை விட்டுவிட்டு ஓடினான். ஓடுகிறவன் ஒரு வார்த்தை கத்தியிருந்தால்கூட என்ஜின் சத்தத்தில் எனக்குக் கேட்டிருக்காது. அன்றைக்குத் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் என் முகத்தைப் பார்த்த என் மனைவிக்கே அடையாளம் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் மச்சானை ஜோடியாகச் சேர்த்துக்கொண்டேன். முதல் நாள் காலைப் பெரட்டுக் களத்தில் வேலையாட்களின் பேர் கூப்பிட்டு முடிந்ததும் அவனைத் தனியாக அழைத்துப் போய் ஒரே ஒரு சட்டம் சொன்னேன். எதைப் பார்த்தாலும் கைப்பிடியை ஒரு தடவை உன் பக்கம் இழு. நான் நின்றுவிடுவேன். ஏன் என்று கேட்க மாட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, “வெறும் ஓணானுக்கு இழுத்தாலும் நிப்பியா மச்சான்?” என்று கேட்டான். நிற்பேன் என்றேன். நின்றும் இருக்கிறேன். ஓணானுக்கு, ஓடை உடைப்புக்கு, ஒரு தடவை செடிக்குள் யாரோ விட்டுப்போன சாப்பாட்டுத் தூக்குக்கு. அந்த மலைச் சரிவில் அவன் இழுத்து நான் நிற்காத நாள் கிடையாது. நம்பிக்கை என்பதைப் பற்றிப் பெரிய பெரிய ஆட்கள் மேடையில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது ஒரு சாண் நீள இரும்புக் குழாய் வழியாகத்தான் வந்தது.

பிறகு நான் தோட்டத்தை விட்டு வெளியே வந்து நிலம் பிடித்து, பூப் போட்டு, லோரி வாங்கி ஆளானபோது மச்சானையும் கூட அழைத்துக்கொண்டேன். லோரியை அவன் கையில்தான் கொடுத்தேன். வேறு ஆளை நான் நம்பியதில்லை.

என் மகள் கணக்கில் கெட்டிக்காரி. அது என் இரத்தம். நானும் பூக்கட்டு எண்ணுவதற்குக் கால்குலேட்டர் எடுத்ததில்லை. அவள் கோலாலம்பூர் பக்கம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது என்ன படிப்பு என்று கேட்டேன். கணிதமும் கணினியியலும் சேர்ந்த படிப்பு, இரண்டும் சமமாக, முடிவில் ஒரே பட்டம் என்றாள். அது எப்படி ஒரே ஆள் இரண்டு படிப்பு என்று முதலில் எனக்குப் பிடிபடவில்லை. முதல் வருட விடுமுறையில் வந்திருந்தபோது தானா ராத்தாவில் பாய் கடையில் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அவள் விளக்க ஆரம்பித்ததும் எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

“அட, நம்ம மிசின் மாதிரிலா பாப்பா. ஒரு பக்கம் கணக்கு, ஒரு பக்கம் கம்ப்யூட்டர், நடுவுல பிளேடு.”

அவளுக்கு முகமெல்லாம் வெளிச்சம். “அதேதாம்ப்பா. எங்க லெக்சரர் கூட இவ்ளோ சுருக்கமா சொல்லல.”

இதைக் கேட்டதும் நான் கடை முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தேன். பாய் தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே, ரெண்டையும் ஒரே நேரத்தில் தூக்கினால் பிள்ளைக்குக் கை வலிக்காதா என்று கேட்டார். வலிக்கும் என்று அவள் சொன்னாள். காலையில் நிரூபணம் எழுத வேண்டுமாம். ஒரு கணக்கு சரி என்று தெரிந்தால் போதாது, எப்போதும் சரியாகத்தான் இருக்கும் என்று காட்ட வேண்டுமாம். மத்தியானம் கம்ப்யூட்டருக்கு வேலை எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கிற இடம்தான் தனக்குப் பிடித்தது என்றாள். அந்த இடத்தில் ஒரு அதிசயம் இருக்கிறதாம். கம்ப்யூட்டரில் ஓடவிட்ட வேலை ஒருநாள் முடிந்து நிற்குமா, இல்லை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்குமா என்று எல்லா வேலைக்கும் முன்கூட்டியே சொல்லக்கூடிய கம்ப்யூட்டர் கிடையாதாம். இனிமேலும் வராதாம். வராது என்பதையே கணக்குப் போட்டு நிரூபித்துவிட்டார்களாம்.

“கம்ப்யூட்டருக்கு ஒரு மச்சான் இல்ல, அதான்” என்றேன் நான்.

கடையே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் மச்சான். கண்ணில் தண்ணீர் வந்து, தோளில் கிடந்த துண்டால் துடைத்துக்கொண்டான்.

அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன். என் செவ்வந்திக்கு எப்போது தண்ணீர், எவ்வளவு உரம், எந்த நேரத்தில் விளக்கு, எந்த லோரியில் எந்தப் பூ, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து என் மகள் பார்க்கப் போகிறாள். அதற்காகக் கொட்டகை வாசலில் ஒரு அறை கட்டினேன். பெரிய கண்ணாடிச் சன்னல். மேசையில் உட்கார்ந்தபடியே எல்லாக் கூரையும் தெரிகிற மாதிரி. கம்ப்யூட்டருக்குக் குளிர்ச்சி வேண்டும் என்று யாரோ சொன்னதால் ஏர்கோன் வாங்கிப் பொருத்தினேன். மச்சான் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றபடி, “கேமரன்மலையில ஏர்கோன் வச்ச மொத ஆளு நீதான் மச்சான். சன்னலத் தொறந்தா போதாதா?” என்றான். கதவுக்கு மேலே மகளின் பெயரைப் போட்டுப் பலகை அடித்தோம். ஊரில் யார் வந்தாலும் அந்த அறையைக் காட்டாமல் அனுப்பியதில்லை. தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதிய பழைய கிராணி வந்தார், அவருக்கும் காட்டினேன். என் அப்பாவை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசியவர் அவர். உள்ளே அழைத்து நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். மிசினை அறைக்கு முன்னால் கொண்டுவந்து வைத்ததும் அப்போதுதான்.

அந்த அறைக்குக் கல் தூக்கியவன் மச்சான். சிமெண்டு குழைத்தவன் மச்சான். என்னோடு சேர்ந்து சுவருக்குச் சாயம் அடித்தவன் மச்சான். பலகையைப் பிடித்துக்கொண்டு “கொஞ்சம் மேல, கொஞ்சம் எடது பக்கம்” என்று நேர் பார்த்துச் சொன்னவனும் அவன்தான். மேசையை எந்தப் பக்கம் பார்த்துப் போடட்டும் என்று மகளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். சுரத்தில்லாமல், “உங்க இஷ்டம்ப்பா” என்றாள். பிள்ளை படிப்புக் களைப்பில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பட்டமளிப்பு விழாவுக்கு நானும் மனைவியும் மச்சானும் போனோம். கோட்டுப் போட்டேன். ஏற்கெனவே பாய் கடையில் இத்தனை நாள் சொல்லி வைத்த கதைக்கு இன்றைக்குப் படம் எடுத்துக்கொண்டு போக வேண்டும், அதனால் போனை நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். மேடையில் பெரிய திரை. எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது என்று சிலர் நினைக்கிறார்கள். கம்ப்யூட்டர் என்ற எழுத்து எனக்குத் தெரியும், தானா ராத்தாவில் கடைப் பலகையில் தினமும் பார்க்கிறது. இரண்டு படிப்புச் சேர்த்துப் படித்தவர்களின் முறை வந்தபோது அந்த நீளமான வரி திரையில் வந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறி இறங்கினார்கள். என் மகள் வரவில்லை. அந்த வரி மறைந்தது. அடுத்த கூட்டத்துக்கு வேறு வரி, குட்டையாக, கம்ப்யூட்டர் இல்லாமல்.

பெயரை விட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். இவ்வளவு பெரிய இடத்தில் இப்படி ஒரு தப்பா என்று கோபம் வந்தது. மேடைக்குப் பக்கத்தில் நின்ற ஆளிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன்.

அப்போது என் கோட்டுக் கையில் ஒரு இழுப்பு. ஒரே ஒரு தடவை, மச்சான் பக்கமாக.

எனக்கு அந்த இழுப்பைத் தெரியும். எத்தனை வருடம் ஆனாலும் உடம்புக்குத் தெரியும். நான் நின்றேன். உட்கார்ந்தேன். திரும்பி அவனைப் பார்த்தேன். அவன் மேடையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. குட்டை வரிக்குக் கீழே என் மகளின் பெயர் வந்தது. கணிதம் மட்டும். முதல் வகுப்பு. மண்டபம் கை தட்டியது. என் மனைவியும் தட்டினாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இருந்ததா என்று நான் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகும் அவளிடம் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள்.

வெளியே பூச்செண்டும் கூட்டமுமாக இருந்த இடத்தில் மகள் அங்கியோடு வந்து என் முன்னால் நின்றாள். இரண்டாம் வருடத்தின் நடுவிலேயே கம்ப்யூட்டர் பக்கத்தை இறக்கி வைத்துவிட்டாளாம். வேலை எழுதிக் கொடுப்பதில் அவளுக்கு மனம் போகவில்லையாம், அந்த நிரூபணம்தான் விடாமல் பிடித்துக்கொண்டதாம். அதற்குமேல் படிக்க வெளிநாட்டில் இடமும் கிடைத்துவிட்டது. இதை எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“சொல்லியிருக்கலாம்லம்மா.”

“சொல்லத்தாம்ப்பா போன் போட்டேன். அன்னிக்கு நீங்க அறைக்குக் கல்லு எறங்கிடுச்சின்னு சொன்னீங்க.”

படம் எடுக்கும்போது நான் சிரித்தேன். நன்றாகவே சிரித்திருக்கிறேன், பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

மகள் சிநேகிதிகளோடு தங்கிவிட்டாள். மச்சான்தான் கார் ஓட்டினான். தாப்பா ரோட்டில் வளைவு வளைவாக ஏறினோம். அருவிப் பக்கம் என்ஜின் சூடு ஆற நிறுத்தினான். மனைவி பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நான் இறங்கி அவன் பக்கம் போனேன்.

“ஒனக்கு எப்பலருந்து தெரியும்?”

வாராவாரம் பூ ஏற்றிக்கொண்டு போகிற லோரியை மகளின் விடுதி வாசலில் நிறுத்தி வீட்டுச் சாப்பாடு கொடுத்துவிட்டு வருவான். அப்படி ஒரு வாரத்தில் சொல்லி அழுதாளாம். தானே அப்பாவிடம் சொல்லிக்கொள்கிறேன் என்றாளாம். அது, நாங்கள் அறைக்கு அடித்தளம் போடுவதற்கு முன்னால்.

“முன்னாலயா?” என்றேன்.

“முன்னாலதான் மச்சான்.”

“அப்ப ஏன் இழுக்கல?”

அவன் அருவியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “தேயிலையில இழுத்தா நிப்ப. இதுல நிக்க மாட்ட மச்சான். நா இழுத்திருந்தா நீ நின்னிருக்க மாட்ட, புள்ளதான் நின்னு போயிருக்கும்.”

இந்த வார்த்தையை நான் பல தடவை புரட்டிப் பார்த்துவிட்டேன். அதில் ஞாயம் இருக்கிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. பாயும் அப்படித்தான் நினைக்கிறார் போல. உங்களுக்கும் முன்னாலேயே தெரியுமா என்று கேட்டதற்குத் தேத்தண்ணீரை முகத்துக்கு நேரே தூக்கி ஆற்றிக்கொண்டே தெரியாது என்றார். மச்சான் சொன்ன ஞாயத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை. இழுப்பது உன் வேலை. நிற்பதும் நிற்காததும் என் வேலை. நான் நிற்க மாட்டேன் என்று நீயே முடிவு செய்துகொண்டு, கூட்டைப் பார்த்துவிட்டு, என்னோடு சேர்ந்து நடந்து வந்தாயே, அதற்கு என்ன பெயர்? முதலில் ஓடிப்போனானே ஒருவன், அவனாவது கைப்பிடியை விட்டுவிட்டுப் போனான். மிசின் ஒரு பக்கம் சாய்ந்ததும் எனக்கு என்னவோ என்று தெரிந்தது. இவன் கைப்பிடியை விடவே இல்லை. நான் பாய் கடையில் அளந்த ஒவ்வொரு பேச்சுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துத் தின்றான். என் மகள் பெயர்ப் பலகைக்கு நேர் பார்த்தான். கொஞ்சம் மேல, கொஞ்சம் எடது பக்கம்.

மகள் மேல் எனக்குக் கோபம் அவ்வளவாக நிற்கவில்லை. பிள்ளை அப்பனுக்குப் பயந்து மறைக்கும், அது உலகத்தில் உள்ளது. இப்போது வெளிநாட்டில் பெரிய பெரிய ஆட்களோடு கணக்குப் படிக்கிறாள். கேட்பவர்களிடம் நான் அதையும் சொல்கிறேன், குறையாமல் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். பேச்சு முடியும்போது, “மாமாகிட்ட பேசினீங்களாப்பா?” என்பாள். இங்கே மழை என்பேன்.

மச்சான் இப்போது லெம்பா பெர்த்தாமில் ஒரு சீனத் தவ்க்கேயிடம் காய்கறி லோரி ஓட்டுகிறான். நான் போகச் சொல்லவில்லை. ஊர் திரும்பிய மறுநாள் லோரிச் சாவியைச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்துவிட்டுத் தானாகப் போய்விட்டான். தானா ராத்தா பஸ் நிலையத்துப் பக்கம் எதிரெதிரே வந்தால் அவன் கையைத் தூக்குவான். நான் மலையில் மேகம் இறங்குகிறதா என்று பார்ப்பேன்.

போன மாதம் ஈப்போவிலிருந்து ஒரு இளவட்டம் வந்து என் பூந்தோட்டத்துக்குத் தண்ணீர், உரம், விளக்கு எல்லாவற்றுக்கும் இணைப்புக் கொடுத்துவிட்டுப் போனான். எல்லாம் போனிலேயே தெரிகிறது, அறையே தேவையில்லை என்றான். சரி, அந்த அறையில் பூப்பெட்டிகளை அடுக்கலாம் என்று முடிவு செய்தேன். பெட்டி உள்ளே போக வேண்டுமென்றால் வாசலில் கிடக்கும் மிசினை எடுக்க வேண்டும். என்னிடம் வேலை பார்க்கும் பங்களாதேஷ் பையனைக் கூப்பிட்டேன். நல்ல பலசாலி, வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. என்ஜின் பக்கம் நான் பிடித்தேன். மறுபக்கம் அவன். இந்த வயதிலும் என்ஜின் பக்கத்தை நான் யாருக்கும் விடுவதில்லை.

தூக்கி நடந்தோம். பழக்கத்தில் என் கண் பிளேடில்தான் இருந்தது. வழியில் யாரோ மரப்பலகை ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். அவன் அதைப் பார்த்துக் காலை ஒதுக்கிக்கொண்டு போய்விட்டான். நான் நேராகப் போய் முழங்காலுக்குக் கீழே இடித்துக்கொண்டேன். அவன் பயந்துபோய், “சோரி பாஸ், சோரி” என்றான். எனக்கு அவன்மேல் கொஞ்சமும் கோபம் வரவில்லை. அவன் அறியாதவன், அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மிசினை இறக்கி வைத்துவிட்டு, பாதி மலாயும் பாதிக் கையுமாகச் சொன்னேன். முன்னால் எதையாவது பார்த்தால் கைப்பிடியை உன் பக்கம் ஒரு தடவை இழு. நான் நின்றுவிடுவேன். ஏன் என்று கேட்க மாட்டேன்.

அவன் தலையாட்டினான். மறுபடி தூக்கினோம். மிசினைத் திருப்பிக்கொண்டு மகளின் பெயர்ப் பலகைக்குக் கீழே வரும்போது இரும்புக் குழாய் வழியாக ஒரு இழுப்பு வந்தது. நான் நின்றேன். தலையைத் தூக்கிப் பார்த்தேன். முன்னால் ஒன்றுமில்லை. சுத்தமான சிமெண்டுத் தரை. நிஜமாகவே நிற்பேனா என்று பார்க்கத்தான் பையன் இழுத்திருக்கிறான். வெள்ளைப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

நான் உடனே நடக்கவில்லை. மிசினின் பாரம் தோளில் இறங்க இறங்க, அப்படியே கொஞ்ச நேரம் நின்றேன். நான் நிற்பதைப் பார்ப்பதற்கு மச்சான் அங்கே இல்லை.